உச்சியில் துருப்பிடிக்கும் ஒரு போல்ட்டுக்காக உயிரைப் பணயம் வைக்க வேண்டுமா?

உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக வீட்டில் ஹாம் வானொலி நிலையம் அமைப்பவர்களுக்கு விற்கப்படும் பொருள்களில், வெயிலிலும் மழையிலும் காற்றிலும் கிடந்தே தீர வேண்டியவைதான் மிக மட்டமான தரத்தில் வருகின்றன. அறைக்குள் பத்திரமாக மேசைமேல் இருந்து அலையை அனுப்பவும் வாங்கவும் செய்யும் டிரான்சீவருக்கு உறுதியான உறை, தடித்த கையேடு, உத்தரவாதச் சீட்டு எல்லாம் உண்டு. ஆனால் 15 மீட்டர் உயரத்தில் ஆன்டெனாவைத் தாங்கிப் பிடித்திருக்கும் கிளாம்ப் எந்த உலோகத்தால் ஆனது, அதன் போல்ட்டுக்கு என்ன பூச்சு, கேபிளை ஆன்டெனாவோடு இணைக்கும் கனெக்டர் மழையைத் தாங்குமா என்பதைச் சொல்ல ஒரு வரிகூடக் கிடையாது. கேட்டால், இவையெல்லாம் சின்னச் சாமான்கள், கெட்டுப்போனால் மாற்றிக்கொள்ளலாமே என்கிறார்கள். மாற்ற வேண்டிய இடம் கோபுரத்தின் உச்சியில் இருக்கிறது என்பது அவர்கள் நினைவுக்கு வருவதே இல்லை.

கோபுரத்தில் ஏறுவது என்றால் என்னவென்று இந்த வியாபாரிகள் ஒருமுறையாவது பார்க்க வேண்டும். காற்றும் மழையும் இல்லாத நாளாகப் பார்த்து, கீழே தலைக்கவசத்துடன் துணைக்கு ஒருவரை நிறுத்தி, முழு உடல் பாதுகாப்புப் பட்டையை அணிந்துகொண்டு, இரண்டு கொக்கிக் கயிறுகளில் ஒன்றாவது எந்த நொடியிலும் கோபுரத்தில் மாட்டியிருக்கும்படி மாற்றி மாற்றிக் கொளுவியபடி ஏற வேண்டும். அவ்வளவு பாடுபட்டு உச்சிக்குப் போனால், அங்கே போல்ட் துருவேறி நட்டோடு ஒட்டிக் கிடக்கும். ஸ்பானரை முழு வலுவோடு இழுக்கும்போது நட்டு சட்டென்று இளகிவிட்டால் உடல் எந்தப் பக்கம் சாயும் என்று அந்த இடத்தில் நின்றவருக்குத்தான் தெரியும். தயாரிப்பவர் ஒரு போல்ட்டில் மிச்சம் பிடித்த அற்பத் தொகைக்கு ஈடாக இங்கே ஒரு மனிதர் தம் உயிரை வைக்கிறார். எனக்குப் பொறுக்க முடியாதது இதுதான்.

இந்தத் துரு தடுக்கவே முடியாத ஒன்றும் அல்ல. பளபளவென்று மின்முலாம் பூசிய போல்ட்டில் துத்தநாகப் படலம் பெரும்பாலும் 5 முதல் 12 மைக்ரான் தடிமன்தான் இருக்கும். திறந்தவெளியில், அதிலும் உப்புக் காற்று வீசும் இடத்தில், அது வெகு சீக்கிரம் கரைந்து போய்விடும். உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த போல்ட்டில் படலம் பல மடங்கு தடிமனாக இருப்பதால் அது பல ஆண்டுகள் நிற்கும். பார்வைக்கு அது சொரசொரப்பாக, மங்கலாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் கோபுர உச்சியில் யாருக்காக அது மினுங்க வேண்டும்? சிலர் துருப்பிடிக்காத எஃகு போல்ட் தருகிறார்கள். அது பாராட்டத்தக்கதே. ஆனால் அந்த வகை எஃகில் செய்த நட்டும் போல்ட்டும் இறுக்கும்போதே ஒன்றோடொன்று உரசிப் பற்றிக்கொள்ளும் என்பதையோ, மாட்டும் முன்பு மரையில் அதற்குரிய பசையைத் தடவ வேண்டும் என்பதையோ அவர்களில் ஒருவரும் எழுதித் தருவதில்லை. இந்த ஒரு வாக்கியம் இல்லாததால் உச்சியில் உட்கார்ந்து இரும்பு அறுக்கும் ரம்பத்தால் போல்ட்டை அறுத்தவர்கள் பலர்.

கேபிளையும் கனெக்டரையும் நினைத்தால் இன்னும் அதிகமாகக் கொதிக்கிறது. நாம் எல்லோரும் பயன்படுத்தும் பி.எல் 259 என்ற கனெக்டர் 1930களில் வடிவமைக்கப்பட்டது. அதில் தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையம் கிடையாது. ரப்பர் வளையத்தோடு வரும், 'N' என்ற ஆங்கில எழுத்தால் குறிக்கப்படும் வகைக் கனெக்டர் 1940களிலேயே வந்துவிட்டது. இருந்தும் வெளியில் மாட்டும் ஆன்டெனாக்களில் இன்றுவரை பழைய வகையையே பொருத்தி, அதை மூட ஒரு துண்டு டேப்கூடத் தராமல் அனுப்புகிறார்கள். தண்ணீர் ஒருமுறை உள்ளே புகுந்துவிட்டால் நுனியோடு நிற்காது. மேலுறைக்கு அடியில் சுற்றியிருக்கும் பின்னல் கம்பிகளின் இடுக்கு வழியே அது கேபிளுக்குள் நெடுந்தூரம் ஊறிச் செல்லும், செம்பு கறுத்துப்போகும். நுனியை வெட்டிவிட்டுப் புதுக் கனெக்டர் போட்டால் சரியாகிவிடும் என்று நம்பி வெட்டுபவர், வெட்ட வெட்டக் கறுத்த கம்பியையே பார்ப்பார். கடைசியில் முழுக் கேபிளையும் இறக்கிப் போட வேண்டியதாகிவிடும். தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை நன்றாக இழுத்து, ஒவ்வொரு சுற்றும் ஓடு வேய்ந்ததுபோல முந்தைய சுற்றின்மேல் படியும்படி கீழிருந்து மேலாகச் சுற்றி, அதன்மேல் வெயில் தாங்கும் கறுப்பு டேப்பைச் சுற்றி, கனெக்டருக்குச் சற்று முன்பாகக் கேபிளைத் தாழ வளைத்து நீர் சொட்டும்படி விட்டால் போதும், இந்தத் துயரத்தில் பெரும்பகுதி வராமலே போகும். இதை ஆன்டெனாவோடு வரும் தாளில் நான்கு படமாகப் போடுவதற்கு என்ன கேடு? கேபிளைக் கட்டுவதற்கென்று கூடவே தரப்படும் வெள்ளை நைலான் கட்டுகளோ வெயிலில் நொறுங்கிக் கொட்டிவிடுகின்றன. கரி கலந்த கறுப்புக் கட்டு வெயிலைத் தாங்கும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியாத செய்தியா? மலிவான கேபிளின் மேலுறையை உரித்தால், பின்னலின் இடைவெளி வழியே உள்ளேயிருக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக்கே தெரிகிறது. அதன்மேல் 'குறைந்த இழப்பு' என்று கூசாமல் அச்சிட்டிருக்கிறார்கள்.

இந்தக் கேட்டுக்குத் துணை நிற்பவர்கள் நம்மவர்களிலேயே இருக்கிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆன்டெனா சரியில்லை, எதிர்முனை நிலையங்கள் மங்கிவிட்டன என்று யாராவது வாய் திறந்தால் போதும், "எஸ்.டபிள்யூ.ஆர் எவ்வளவு காட்டுகிறது?" என்று கேட்கிறார்கள், 1.2 என்றதும், அப்படியானால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று தீர்ப்பு வழங்கிவிடுகிறார்கள். அனுப்பிய அலையில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைச் சொல்லும் எண் அது, ஒன்றும் திரும்பாவிட்டால் 1 என்று காட்டும். ஊறிக் கெட்டுப்போன கேபிள் அந்த எண்ணை அழகாக்கிக் காட்டும் என்பது அடிப்படைப் பாடம். போகும் அலையில் 10 டெசிபல், திரும்பும் அலையில் 10 டெசிபல் என்று கேபிளே தின்றுவிட்டால், மேலே ஆன்டெனா முழுவதுமாக அறுந்து விழுந்திருந்தாலும் கீழேயுள்ள மானி ஏறத்தாழ 1.2 என்றுதான் காட்டும். கேபிளுக்குள் போன ஆற்றலில் பத்தில் ஒரு பங்கு மட்டுமே மேலே போய்ச் சேர்கிறது. மீதி கேபிளைச் சூடாக்குவதற்கே போகிறது. ஆற்றலை வெப்பமாக மாற்றுவதற்கென்றே செய்த டம்மி லோடும் 1 என்ற அருமையான எண்ணைக் காட்டத்தானே செய்கிறது? கேபிளின் மறுமுனையில் டம்மி லோடையும் மின்திறன் மானியையும் வைத்து அளந்தால் சில நிமிடங்களில் உண்மை தெரிந்துவிடும். அதைச் செய்யச் சொல்லாமல், இன்னும் பெரிய ஆம்ப்ளிஃபையர் வாங்கச் சொல்கிறார்கள். 144 மெகாஹெர்ட்ஸில் 30 மீட்டர் ஆர்.ஜி 58 கேபிளே புதிதாக இருக்கும்போதே ஏறத்தாழ 6 டெசிபல் தின்னும். 50 வாட் அனுப்பினால் பன்னிரண்டு வாட் அளவுக்குத்தான் ஆன்டெனாவைத் தொடும். கேட்கும்போதும் அதே இழப்புதான் என்பதால், ஆம்ப்ளிஃபையர் வைத்தவர் தம் குரலை ஊரெல்லாம் கேட்கச் செய்வாரே தவிர, மங்கலாக வரும் எதிர்முனைக் குரல் அவர் காதில் விழாது.

விளம்பர எண்களும் இதே ரகம்தான். ஆன்டெனா ஒரு திசையில் அலையை எவ்வளவு குவித்து அனுப்புகிறது என்பதற்கு 'ஆதாயம் 9 டெசிபல்' என்று போடுவார்கள். எதனோடு ஒப்பிட்டு என்று போடமாட்டார்கள். எல்லாத் திசையிலும் சமமாகப் பரப்பும் கற்பனை ஆன்டெனாவோடு ஒப்பிட்டால், இரண்டு நேர்க் கைகள் கொண்ட எளிய ஆன்டெனாவான டைபோலோடு ஒப்பிடுவதைவிட 2.15 டெசிபல் கூடுதலாகக் கிடைக்கும். தரையில் பட்டுத் திரும்பும் அலையையும் சேர்த்துக்கொண்டால் எண் இன்னும் பெருக்கும்.

காற்றைப் பற்றிய அலட்சியம் இவை எல்லாவற்றையும்விட ஆபத்தானது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும். மணிக்கு 120 கிலோமீட்டர் வேகக் காற்று ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறத்தாழ 70 கிலோ எடைக்குச் சமமான அழுத்தத்தைத் தருகிறது. 'புயலைத் தாங்கும்' என்று கோபுரத்தை விற்பவர், எத்தனை சதுர மீட்டர் ஆன்டெனாவோடு, எத்தனை மட்டங்களில் கோபுரத்தைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பி கட்டினால் தாங்கும் என்று சொல்லாவிட்டால் அந்தச் சொல்லுக்கு எந்தப் பொருளும் இல்லை. ஸ்டே கம்பியின் இழுவிசை அதன் அறுபடும் பலத்தில் சுமார் பத்தில் ஒரு பங்காக இருக்க வேண்டும், கம்பியை இறுக்கத் திருகும் டர்ன்பக்கிள் தானாகச் சுழன்று இளகாதபடி அதன் கண் வழியே கம்பி கோத்துக் கட்ட வேண்டும், கம்பியின் மடித்த நுனியைச் சேர்த்து இறுக்கும் பிடிப்பானின் சேணப் பகுதி சுமை தாங்கும் கம்பியின் மேல்தான் உட்கார வேண்டும் என்பனவெல்லாம் நெடுங்காலமாகத் தெரிந்த வேலை முறைகள். பிடிப்பானைத் தலைகீழாக மாட்டினால் அது சுமை தாங்கும் கம்பியையே நசுக்கிப் பலவீனமாக்கும். கோபுரத்தை நிறுத்திக் கொடுக்கக் கூலி வாங்குபவர்களிலேயே சிலர் இதைத் தாறுமாறாக மாட்டிவிட்டுப் போகிறார்கள். எடுத்துச் சொன்னால், இத்தனை நாள் நின்றதே என்கிறார்கள்.

நான் கேட்பது பெரிய சலுகை எதுவும் அல்ல. போல்ட்டின் பூச்சு என்ன வகை, அதன் தடிமன் எவ்வளவு. கேபிளின் பின்னல் எத்தனை விழுக்காடு மூடுகிறது, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு இழப்பு. ஆதாயம் எதனோடு ஒப்பிடப்பட்டது. ஆன்டெனா காற்றுக்குக் கொடுக்கும் பரப்பு எவ்வளவு. கனெக்டரை எப்படி மூட வேண்டும். இவற்றை அச்சிட அரைப் பக்கத் தாள் போதும். அதைக்கூடத் தர மறுப்பவரிடமிருந்து இனி ஒரு வாஷரைக்கூட வாங்கப்போவதில்லை, புதிதாக உரிமம் பெற்று யோசனை கேட்டு வருகிற எவரையும் அவர்களிடம் அனுப்பப்போவதும் இல்லை.