கல்லைப் பொறுக்கிவிட்டால் போச்சாம்!

"கல்லைப் பொறுக்கிவிட்டால் போச்சு." நேற்றைய கூட்டத்தில் ஒருவர் என் முகத்தைப் பார்த்துச் சொன்னது இது. இரவெல்லாம் தூக்கம் வரவில்லை. மண் ஓடுதளத்துக்குப் போய்வந்த விமானத்தை ஒரு நாளாவது கழுவியவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும்.

எங்கள் மண் ஓடுதளத்துக்குப் புதிதாக ஒரு சின்ன விமானம் வாங்கப் போகிறோம், அதற்குத்தான் கூட்டம். திரையில் முதல் படம் தோல் இருக்கை. இரண்டாவது படமும் தோல் இருக்கை. மூன்றாவதில் வேகம், 280 நாட், அதாவது மணிக்குச் சுமார் 520 கிலோமீட்டர். எல்லாருக்கும் கண் விரிந்துவிட்டது. நான் கையைத் தூக்கி, நாம் ஒரு தடவைக்குப் பறக்கிற தூரம் எவ்வளவு என்று கேட்டேன். 100 கிலோமீட்டர் என்றார்கள். சரி, கணக்குப் போடுங்கள் என்றேன். 180 நாட் வேகத்தில் போகிற, இறக்கை மேலே இருக்கும், சக்கரம் மடங்காத செஸ்னா கேரவன் விமானத்துக்கு அந்தத் தூரம் 18 நிமிடம். 280 நாட் வேகத்தில் போவதற்கு 12 நிமிடம், அதுவும் காகிதத்தில்தான், மேலே ஏறி அந்த வேகத்தைப் பிடிப்பதற்குள் இறங்க வேண்டிய இடம் வந்துவிடும். ஆறு நிமிடம்! மூட்டை முடிச்சை இறக்கி வைக்கவே அதற்கு மேல் ஆகும். இந்த ஆறு நிமிடத்துக்காக மடங்கும் சக்கரம், அந்தச் சக்கரத்தின் கதவிடுக்கில் மழைக்காலம் முழுக்க அடைத்துக்கொள்ளும் சேறு, தரைக்குப் பக்கத்தில் தாழ்ந்து கிடக்கும் இறக்கை, இத்தனையையும் நான் தலையில் கட்டிக்கொள்ள வேண்டுமாம்.

பிலாட்டஸ் பிசி-12 மாதிரித் தாழ்ந்த இறக்கை விமானங்களும் மண்ணில் இறங்கும், மறுக்கவில்லை, நல்ல விமானம்தான். ஆனால் நாளுக்கு எட்டுத் தடவை இறங்குகிறோம். சக்கரம் எறிகிற கல் முதலில் போய் அடிப்பது இறக்கையின் பின்விளிம்பிலிருந்து கீழே விரிந்திருக்கும் ஃப்ளாப் என்ற மடலில். இறக்கை மேலே இருந்தால் அந்தப் பாதி வேலை எனக்கு மிச்சம். இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் அந்த வாக்கியம் வந்தது.

கல்லைப் பொறுக்கிவிட்டால் போச்சு!

ஐயா, இன்றைக்குப் பொறுக்குகிறேன். நாளை ஒரு மழை பெய்தால் மண் கரைந்து புதுக் கல் தலைநீட்டும், அதை யார் பொறுக்குவது? விமானத்தின் டயரே மண்ணைக் கிளறி வெளியே எடுத்துப் போடும் கல்லை யார் பொறுக்குவது? நின்ற இடத்திலேயே எஞ்சினை முறுக்கினால் புரொப்பெல்லர் கீழே கிடக்கிற கல்லை உறிஞ்சித் தூக்கும். அதனால்தான் மண் தளத்தில் விமானத்தை உருள விட்டு, அப்புறம் மெதுவாகச் சக்தியைக் கூட்டுகிறார்கள். தரையிறங்கி வேகம் குறைந்த பிறகும், காற்றை முன்னால் தள்ளி விமானத்தை நிறுத்த உதவும் ரிவர்ஸைப் பிடித்துக்கொண்டே இருந்தால் தூசியும் கல்லும் முன்னால் கிளம்பி நேராகப் புரொப்பெல்லரின் பிளேடுக்கே வரும். ஒவ்வொரு மாலையும் பிளேடின் விளிம்பில் நகத்தை வைத்து அடியிலிருந்து நுனி வரை இழுத்துப் பார்க்கிறேன். நகம் எங்கே மாட்டுகிறதோ அங்கே வெட்டு. அரிசி அளவுதான் இருக்கும். அதை அரத்தால் ராவி, உப்புத்தாளால் வழவழப்பாக்காமல் விட்டால் அங்கிருந்துதான் விரிசல் கிளம்பும். பிளேடு பறக்கும்போது உடைந்தால் என்ன ஆகும் என்று அந்தத் தோல் இருக்கையில் உட்காரப் போகிறவரிடம் யாராவது சொன்னார்களா?

அப்புறம் அந்த நாலாவது படம். ஒன்பது பயணிகள் என்று ஒரு வரி, எவ்வளவு தூரம் பறக்கும் என்று அடுத்த வரி, இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கிற மாதிரி. உதாரணத்துக்கு, கேரவனின் நீளமான வகையான கிராண்ட் கேரவனில் டேங்கை நிரப்பினால் எரிபொருளே ஏறக்குறைய 1,000 கிலோ, மிச்ச எடைக்குள் ஒன்பது பேரும் பெட்டியும் ஏறவே முடியாது. நமக்கு டேங்கை நிரப்பத் தேவையில்லை, அது வேறு விஷயம். ஆனால் அந்த வரியை நம்பிக் கையெழுத்துப் போடப் பார்த்தார்களே!

மண் தளத்துக்கென்றால் ட்வின் ஓட்டர் என்ற விமானத்தைப் பாருங்கள் என்றேன். 1965இல் முதலில் பறந்தது. 19 பேர் ஏறலாம், இரண்டு எஞ்சின், மேலே இறக்கை, மடங்காத சக்கரம். 1988இல் தயாரிப்பை நிறுத்தியவர்கள் போன பிறகு, வேறொரு நிறுவனம் உரிமையை வாங்கி மறுபடி செய்ய ஆரம்பித்தது. ஏன்? இந்த வேலைக்கு அதை மிஞ்சிய ஒன்று வரவில்லை. "பழைய மாடல் மாதிரி இருக்கிறதே" என்றார் அதே மனிதர். அந்த ஓடுதளத்தில் அவர் ஒரு தடவைகூடக் கால் வைத்ததில்லை. 600 மீட்டர், நடுவில் ஒரு மேடு, மழை பெய்தால் கடைசி 100 மீட்டர் களி. போய் நின்று பாருங்கள் என்றேன். அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்று எழுந்துவிட்டார்கள்.

கொதித்துக்கொண்டே கொட்டகைக்குத் திரும்பி வந்து பார்த்தால், என் அரைவட்ட அரத்தைக் காணோம். பிளேடுக்கென்றே தனியாகத் துணியில் சுற்றி வைத்திருந்தது. இரும்பு ராவ எடுத்துப் போயிருந்தால் அது இனி பிளேடுக்கு ஆகாது. எடுத்தது யாராக இருந்தாலும் இன்று சாயங்காலத்துக்குள் இருந்த இடத்தில் கொண்டுவந்து வையுங்கள். ஐந்து மணிக்கு விமானம் இறங்குகிறது.