தூரத்தை மட்டும் பார்த்து ஜோடி சேர்க்க முடியாது
கைத்தொலைபேசி நிலையம் ஒரே அலைவரிசையை ஒரே நேரத்தில் இருவருக்குக் கொடுத்து, சிக்னல் பலவீனமாக இருப்பவருக்கு அதிக சக்தியை ஒதுக்கும் முறையைப் பற்றியது இந்தக் கட்டுரை. நிலையத்துக்கு மிக அருகில் இருப்பவரையும் மிகத் தொலைவில் இருப்பவரையும் அப்படி ஜோடி சேர்த்தால் ஆதாயம் அதிகம் என்று அது சொல்கிறது. 3.5 கிகாஹெர்ட்ஸில் சரி, 28 கிகாஹெர்ட்ஸில் அது அப்படியே பொருந்தாது. அங்கே அலைநீளம் 11 மில்லிமீட்டருக்கும் குறைவு, ஆன்டெனாவிலிருந்து வரும் கற்றை மிகக் குறுகலானது. இருவரும் ஒரே கற்றைக்குள் நிற்கிறார்களா என்பதுதான் முதல் கேள்வி, தூரமெல்லாம் அப்புறம். தைப்பூசத்தன்று சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையை நினைத்துப் பாருங்கள். சாலை நெடுக ஒரே திசையில் நிற்பவர்கள் ஜோடிக்கு ஏற்றவர்கள்தான். ஆனால் அருகில் இருப்பவருக்குக் குறுக்கே ஒரு காவடி வந்து நின்றால் போதும். ஒரு மனித உடல் மறைத்தாலே சிக்னல் 20 டெசிபல், அதாவது நூறில் ஒரு பங்காகக் குறைந்துவிடலாம். வலுவாக இருந்தவர் நொடிப்பொழுதில் பலவீனமானவர் ஆகிவிடுவார், சக்திப் பங்கீட்டையே திருப்பிப் போட வேண்டியிருக்கும். படிக்கும் காலத்தில் நான் செய்த சிமுலேஷனில் ஆட்களை நடக்கவிட்டதும் முதலில் கிடைத்த ஆதாயத்தில் பெரும்பகுதி காணாமல் போனது. மேலே கருத்து எழுதியிருக்கும் ஒருவர், தூரத்தில் இருப்பவருக்கு அதிக சக்தி கொடுப்பது அருகில் இருப்பவருக்கு அநியாயம் என்கிறார். அப்படியில்லை. அருகில் இருப்பவரின் கைத்தொலைபேசி அடுத்தவர் சிக்னலை முதலில் படித்து, அதைக் கழித்துவிட்டுத்தான் தன்னுடையதை எடுக்கிறது. அந்த முதல் படிப்பு தவறினால் அவருக்கு நஷ்டம். கூட்டத்துக்கு நடுவே ஒரு ஜோடி எத்தனை மில்லிவினாடி தாங்கும் என்பதையும் கட்டுரையாளர் எழுதினால் நன்றாக இருக்கும்.