வாடைக்கு உச்சி இல்லை

(தை மாதத்து மாலை. யாழ்ப்பாணத்தில் பண்ணைக் கடற்கரைக்குக் கிட்ட ஒரு சைக்கிள் திருத்தும் கடை. சுவிஸிலிருந்து விடுமுறைக்கு வந்த தம்பி தன் கியர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வருகிறார். மேலில் தோலோடு ஒட்டிய மஞ்சள் உடுப்பு.)

கடைக்காரர்: வாரும் தம்பி, இரும். ரயர் போச்சுதோ?

தம்பி: ரயருக்கு ஒன்றுமில்லை அண்ணை. நான்தான் போய்விட்டேன்.

கடைக்காரர்: எங்கே போய் வருகிறீர்?

தம்பி: புங்குடுதீவுக் குறிகட்டுவான்.

கடைக்காரர்: இந்த மாதத்திலோ! போகும்போது எப்படி?

தம்பி: பறந்தேன் அண்ணை. பண்ணைப் பாலம் வந்ததும் தெரியாது, வேலணை போனதும் தெரியாது. மணிக்கு 35 கிலோமீற்றர்! என் காலை நானே தொட்டுக் கும்பிடலாம் போல் இருந்தது.

கடைக்காரர்: பிறகு?

தம்பி: பிறகு திரும்பினேன்.

கடைக்காரர்: ம்ம்.

தம்பி: புங்குடுதீவுப் பாலத்தில் இரண்டு பக்கமும் கடல். மறைப்புக்கு ஒரு பனைகூட இல்லை. இருக்கிற 22 கியரில் ஆகச் சின்னதைப் போட்டு மிதிக்கிறேன். பக்கத்தில் நின்ற கொக்கு அப்படியே பக்கத்தில் நிற்கிறது. அதே கியரில் சுவிஸில் கொத்தார்ட் மலைக்கணவாய் ஏறியவன் நான். 2,106 மீற்றர் உயரம்!

கடைக்காரர்: அங்கே ஏறினால் பிறகு இறக்கம் வருமே.

தம்பி: வரும். உச்சியில் ஒரு பலகை இருக்கும், நின்று படம் எடுக்கலாம். அப்புறம் பிறேக்கைப் பிடித்துக்கொண்டு இருந்தால் போதும்.

கடைக்காரர்: வடகிழக்கிலிருந்து அடிக்கிற இந்த வாடைக் காற்றுக்கு உச்சி கிடையாது. உம்முடைய வீட்டுக் கேற்றடியில்தான் ஏற்றம் முடியும்.

தம்பி: காற்று 20இல் அடிக்க, நானும் 20இல் மிதித்தால் உடம்பில் படுவது 40. தடை இரண்டு மடங்கு இல்லை அண்ணை, நான்கு மடங்கு!

கடைக்காரர்: கணக்கு நல்லாகத்தான் வருகிறது. ஏன் காலையில் போடவில்லை?

தம்பி: காலையில் காற்றே இருக்கவில்லை.

கடைக்காரர்: இருந்தது. முதுகில் இருந்தது. வானத்தையாவது பார்த்திருக்கலாம். பொங்கலுக்குப் பெடியள் ஏற்றுகிற பட்டம் எல்லாம் தீவுப்பக்கம் போய்த்தானே நிற்கிறது. பட்டம் போகிற பக்கம் சைக்கிளை விட்டால் வருகிற வழியில் அழவேண்டியதுதான். தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று எழும்பின பிறகு தீவுக்குப் போயிருந்தால் முக்கிக்கொண்டு போய்ப் பறந்துகொண்டு வந்திருப்பீர்.

தம்பி: கடைசியில் ஒரு மீன்காரர் என்னை முந்தினார். பழைய ராலி சைக்கிள், கரியரில் பெரிய பெட்டி. அவருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டேன். காற்று நல்லாகக் குறைந்தது.

கடைக்காரர்: கெட்டிக்காரன்.

தம்பி: மணம் கூடிவிட்டது.

கடைக்காரர்: அதுதான் கடைக்குள் பூனை வந்திருக்கிறது. தம்பி, தொண்ணூறுகளில் நீர் இங்கே இருக்கவில்லை. சண்டைக் காலம். கரண்ட் இல்லை, பற்றரிக்குத் தடை. சைக்கிளை ஸ்ராண்டில் விட்டு, பெடலைச் சுற்றி, டைனமோவில்தான் றேடியோ கேட்டோம். செய்தி நீண்டால் கொடிகாமம் வரை ஓடின களை வரும். ஓரடி நகர்ந்திருக்க மாட்டோம்.

தம்பி: நான் இன்றைக்குப் பாலத்தில் ஓடினது போல.

கடைக்காரர்: நாங்கள் செய்தியாவது கேட்டோம்.

தம்பி: சரி அண்ணை, நாளைக்கு எங்கே போகலாம்? வந்ததற்கு இன்னொரு ஓட்டம் ஓடவேண்டும்.

கடைக்காரர்: பருத்தித்துறைக்குப் போம். விடிய வெளிக்கிட்டால் காற்று முகத்தில் அடிக்கும், பரவாயில்லை, உடம்பு புதிதாக இருக்கும். அங்கே தட்டை வடையும் தேத்தண்ணியும். வரும்போது வாடையே தள்ளிக்கொண்டு வந்து விடும்.

தம்பி: காற்று இடையில் திரும்பிவிட்டால்?

கடைக்காரர்: 750 பஸ் ஓடுகிறதே.

தம்பி: சைக்கிளை ஏற்றுவார்களா?

கடைக்காரர்: கொண்டக்டரிடம் தன்மையாகக் கேட்டால் சைக்கிளை ஏற்றுவார். இந்த உடுப்போடு உம்மை ஏற்றுவாரோ என்றுதான் யோசிக்கிறேன். ஒரு சாரத்தையும் பையில் வையும்.