ஐ7 ஸ்டிக்கரைப் பார்த்துப் பழைய கம்ப்யூட்டர் வாங்காதீங்க

செகண்ட்ஹேண்ட் விளம்பரத்துல 'ஐ7, 16 ஜிபி ரேம்'னு பெருசா போட்டிருப்பாங்க. ஐ7ங்கிறது இன்டெல் ப்ராசஸர் வரிசையோட பேரு, எந்தத் தலைமுறை ஐ7னு மட்டும் இருக்காது. டிவியில மாட்டிப் படம் பார்க்க, இடையில கொஞ்சம் கேம் ஆடன்னு வாங்குறவங்க முதல்ல கேட்க வேண்டியதே அதைத்தான். ஐ7-2600 2ஆம் தலைமுறை, வந்தது 2011ல. இந்த வேலைக்கு அதைவிட 8ஆம் தலைமுறை ஐ3-8100 எவ்வளவோ மேல்.

காரணம் வீடியோ டீகோடிங், அதாவது சுருக்கி வெச்சிருக்குற வீடியோவைப் பிரிச்சுக் காட்டுற வேலை. 4கே படங்கள் பெரும்பாலும் 10-பிட் எச்இவிசிங்கிற வீடியோ வடிவத்துல இருக்கும். இன்டெல்ல அதையும் யூடியூப்ல வர்ற விபி9 வடிவத்தையும் உள்ளே இருக்குற கிராபிக்ஸே முழுசா பார்த்துக்கிறது 7ஆம் தலைமுறையில இருந்துதான். அதுக்கு முந்தினதுன்னா பாரம் பெரும்பாலும் ப்ராசஸர் தலையில விழும். ஃபேன் அலறும், படம் தத்தித் தத்தி ஓடும். யூடியூப்லயும் 1080பிக்கு மேல போனா விபி9 இல்லைன்னா ஏவி1ங்கிற இன்னொரு வடிவம்தான். ஏவி1 டீகோடர் இன்டெல் டெஸ்க்டாப்ல வந்தது 11ஆம் தலைமுறையில. 7ல இருந்து 10 வரைக்குமான தலைமுறை மெஷின்ல ஏவி1ஐத் தடுக்குற எக்ஸ்டென்ஷனை ப்ரௌசர்ல போட்டுட்டா யூடியூப் விபி9க்கு மாறிடும், பிரச்சினை தீர்ந்தது.

என்னைக் கேட்டா 8ஆம் தலைமுறை ஐ5, அதாவது 8400 இல்லைன்னா 8500. ஆறு கோர் இருக்கு. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சுபோச்சு. விண்டோஸ் 11 முறைப்படி ஏத்துக்கிறது 8ஆம் தலைமுறையில இருந்துதான். லினக்ஸ் போடுறவங்களுக்கு 7ஆம் தலைமுறையும் போதும்.

அடுத்தது பெட்டி. நிறையப் பேர் கோட்டை விடுறது இங்கேதான். டெல் ஆப்டிப்ளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவா தின்க்சென்டர்னு ஆபீஸ்ல இருந்து வர்ற மெஷின்கள் மூணு அளவுல கிடைக்கும். உள்ளங்கை அளவுப் பெட்டி டிவிக்குப் பின்னாடி அழகா உட்காரும், ஆனா சாதாரண கிராபிக்ஸ் கார்டு போட இடமே கிடையாது. நடுத்தரமான ஸ்லிம் பெட்டியில உயரம் கம்மியான லோ ப்ரொஃபைல் கார்டுதான் நுழையும். சில மாடல்கள்ல ஸ்லாட் பவர் சப்ளையை ஒட்டியே இருக்கும். ரெண்டு ஸ்லாட் தடிமன் கார்டை வாங்கிட்டு வந்தா மூடியை மூட முடியாது. மூடியைக் கழற்றி அளந்து பார்த்துட்டுக் கார்டு தேடுங்க. இடம் இருந்தா டவர்தான் நிம்மதி.

ஸ்லிம், டவர் பெட்டிகள்ல பவர் சப்ளை பெரும்பாலும் 180ல இருந்து 260 வாட்தான். கனெக்டரும் கம்பெனிக்குக் கம்பெனி வேற, கடையில வாங்கின சாதாரண ஏடிஎக்ஸ் சப்ளை நேரா மாட்டாது. அதனால தனி பவர் ஒயர் கேட்காத, ஸ்லாட்ல கிடைக்குற 75 வாட்டுக்குள்ள ஓடுற கார்டு வேணும்: கூடுதல் கனெக்டர் இல்லாத ஜிடிஎக்ஸ் 1050 டிஐ இல்லைன்னா 1650. ஆர்எக்ஸ் 6400ஐ இந்த வயசு மெஷின்ல நான் சொல்ல மாட்டேன். அதுக்கு போர்டோட பேச நாலு லேன், அதாவது நாலு டேட்டா பாதைதான், பழைய பிசிஐஇ 3.0 ஸ்லாட் இருக்குற போர்டுல வேகம் குறையும். ஜிடி 1030ல மெதுவான டிடிஆர்4 மெமரி ரகத்தை தொடவே தொடாதீங்க. பழைய 1050 டிஐ கார்டுல விஜிஏ போர்ட் இருந்தா உஷார். பழைய சிப்புக்குப் பேரை மாத்தி விக்கிற போலி நிறைய இருக்கு. உள்ளே இருக்குற சிப்பைக் காட்டுற ஜிபியு-இசட் மென்பொருளை ஓட்டிப் பாருங்க.

கார்டே வேண்டாம்னா நல்ல உள்கிராபிக்ஸோட வர்ற ஏஎம்டி ரைசன் 5 2400ஜி இருக்குற மெஷின் தேடுங்க. ரேமை ரெண்டு 8 ஜிபியா போடுங்க. ஒரே 16 ஜிபி குச்சி போட்டா உள்கிராபிக்ஸோட கேம் வேகம் கணிசமா அடிவாங்கும்.

4கே டிவி வெச்சிருக்கவங்க போர்ட்டையும் பாருங்க. ஆபீஸ் மெஷின்கள்ல எச்டிஎம்ஐ பெரும்பாலும் 1.4, 4கேயில 30 ஹெர்ட்ஸ்தான் வரும், மௌஸ் நகர்த்தினாலே இழுக்கிறது தெரியும். டிஸ்ப்ளேபோர்ட்ல இருந்து எச்டிஎம்ஐ 2.0க்கு மாத்துற ஆக்டிவ் அடாப்டர் போட்டா 60 கிடைக்கும். மலிவான பேசிவ் அடாப்டர் இதுக்கு உதவாது.

பணம் கொடுக்குறதுக்கு முன்னாடி ஒரு 10-பிட் 4கே ஃபைலை பென்டிரைவ்ல கொண்டுபோய் ஓட்டுங்க. டாஸ்க் மேனேஜர்ல ஜிபியு பக்கத்துல 'வீடியோ டீகோட்' கோடு ஏறணும், சிபியு அடங்கி இருக்கணும். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோங்கிற மென்பொருள்ல எஸ்எஸ்டி நிலைமையைப் பாருங்க. மெஷினை ஆன் பண்ணும்போதே திறக்குற பயோஸ் செட்டிங்ஸுக்குள்ள போய்ப் பாருங்க. பாஸ்வேர்டு கேட்டு, விக்கிறவருக்கும் அது தெரியலைன்னா அந்த மெஷின் வேண்டாம். வைஃபை கார்டு இருக்கான்னும் கேட்டுக்கோங்க, ஆபீஸ் டெஸ்க்டாப் பலதுல அது இருக்காது.