அதான் 98 காட்டுதே!

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்த டாக்டர் பொண்ணை நோயாளியோடு வந்தவர் திட்டுகிற அந்த வீடியோவை நேற்றிலிருந்து எத்தனை பேர் எனக்கு அனுப்பிவிட்டீர்கள்! "நீங்க அனஸ்தீசியாதானே, இதுக்கு என்ன சொல்றீங்க?" என்று கேள்வி வேறு. சொல்கிறேன். மணிக்கட்டில் ஊசி போட்டு ரத்தம் எடுத்த அந்த டாக்டர் பொண்ணு எந்தத் தப்பும் செய்யவில்லை. "அதான் மெஷின் 98 காட்டுதே, அப்புறம் எதுக்குக் குத்துறே?" என்று அந்த மனிதர் கத்துகிறாரே, தப்பு அந்த 98ஐப் புரிந்துகொண்டதில் இருக்கிறது.

விரலில் மாட்டுகிற கிளிப், ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறியிருக்கிறதா என்று மட்டும்தான் சொல்லும். உள்ளே கார்பன் டை ஆக்சைடு தேங்குவது அதற்குத் தெரியாது. மாஸ்க்கில் ஆக்சிஜன் போய்க்கொண்டிருந்தால், அரைகுறையாக மூச்சு விடுகிறவருக்கும் 98 காட்டும். திரும்பவும் சொல்கிறேன், 98 என்பது ஆக்சிஜன் கணக்கு. கார்பன் டை ஆக்சைடு கணக்கு அதில் இல்லவே இல்லை. அதைத் தெரிந்துகொள்ளத்தான் மணிக்கட்டுத் தமனியில் குத்தி ரத்தம் எடுப்பது.

1952இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது பெரிய டாக்டர்களே இதில் ஏமாந்தார்கள். நோயாளிகளின் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடின் மொத்த அளவு கூடியிருந்ததைப் பார்த்து, காரத்தன்மை ஏறிவிட்டது என்று நினைத்தார்கள். மூச்சு வெளியேறாமல் தேங்கியது அது என்று சொன்னவர் ப்யோர்ன் இப்சன் என்கிற அனஸ்தீசியா டாக்டர். தொண்டையில் துளை போட்டு டியூப் வைத்து, மருத்துவ மாணவர்கள் ராப்பகலாக ஷிஃப்ட் போட்டுக் கையால் பையை அழுத்தித்தான் பலரைக் காப்பாற்றினார்கள்.

ஆபரேஷன் தியேட்டரில் நாங்கள் கிளிப்பை மட்டும் நம்பி உட்கார்ந்திருப்பதில்லை. டியூப் தவறி உணவுக்குழாயில் போய்விட்டால், முன்னாடியே கொடுத்த ஆக்சிஜன் மிச்சமிருக்கும்வரை கிளிப் சில நிமிஷம்கூட 98 காட்டிக்கொண்டிருக்கும். வெளியே வருகிற மூச்சில் கார்பன் டை ஆக்சைடை அளக்கிற கேப்னோகிராஃபில் கோடு அப்போதே படுத்துவிடும். மயக்கம் போதுமா என்று தெரிய, மூச்சில் திரும்பி வருகிற மயக்க வாயுவான செவோஃப்ளூரேனையும் அளக்கிறோம். தசை தளர மருந்து கொடுத்த ஆளுக்கு நினைவு திரும்பினாலும் அவரால் விரலைக்கூட அசைத்துக் காட்ட முடியாதே. மூச்சுப்பாதைச் சிக்கல்களை ஆராய்ந்து பிரிட்டனில் 2011இல் வந்த நாப்-4 அறிக்கையைப் படித்துப் பாருங்கள். ஐசியூவில் மூச்சுப்பாதைச் சிக்கலால் நேர்ந்த சாவு, மூளைச் சேதம் ஆகியவற்றில் 70 சதவீதத்துக்கு மேல், கேப்னோகிராஃப் பயன்படுத்தாததும் ஒரு காரணம்.

"காசு பிடுங்கத்தான் இத்தனை டெஸ்ட்" என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. அவர்களோடு பேசிப் பேசி அலுத்துவிட்டது. "வெயின்லயே எடுத்தா போதாதா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். பிஎச் (ரத்தத்தின் அமில-கார அளவு), கார்பன் டை ஆக்சைடு இரண்டும் தோராயமாக அதில் தெரியும், ஆக்சிஜன் தெரியாது. "வலிக்கும்னு சொல்லிட்டுக் குத்தியிருக்கலாமே?" ஆமாம், சொல்ல வேண்டும். தமனியில் குத்துவது சாதாரண ஊசியைவிட வலிக்கும். ஆனால் நோயாளி கூப்பிட்டால் கண் திறக்காத நிலையில் இருந்ததை வீடியோவில் நீங்களும்தானே பார்த்தீர்கள்? "நல்லா தூங்கிட்டிருந்தவரை" என்று எழுதுகிறீர்களே. அது தூக்கமா?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், அந்த மனிதர் நின்ற இடத்தில் நானும் நின்றிருக்கிறேன். அப்பாவுக்குப் பல வருஷமாக சிஓபிடி என்கிற நாள்பட்ட நுரையீரல் நோய். ஒருநாள் இழுப்பு அதிகமாகி வார்டில் சேர்த்தோம். மாஸ்க், ஆக்சிஜன், மானிட்டரில் 99. ராத்திரி முழுக்க இருமியவர் விடியற்காலையில் அடங்கித் தூங்கினார். நெற்றியைத் தொட்டேன், வெதுவெதுப்பாக வியர்த்திருந்தது. ட்யூட்டியில் இருந்த சின்னப் பையன், டாக்டர்தான், ஏபிஜி எடுக்க வந்தான், அதே தமனி ரத்த டெஸ்ட். "சாச்சுரேஷன் நல்லாத்தானே இருக்கு, தூங்கட்டும் விடுப்பா" என்றேன். தினமும் இதையே வேலையாகச் செய்கிற நான்! அவன் "இல்ல சார், எடுத்துடறேன்" என்று மட்டும் சொன்னான். குத்தினபோது அப்பா கையை இழுக்கவே இல்லை. எனக்கு அப்போதுதான் அடிவயிறு கலங்கியது.

பிஎச் 7.19. கார்பன் டை ஆக்சைடு 88. நாற்பத்தைந்தைத் தாண்டக் கூடாத எண் அது. அப்படிப்பட்ட நுரையீரலுக்கு சாச்சுரேஷன் 88லிருந்து 92 வரை இருந்தால் போதும், அதற்கு மேல் ஆக்சிஜன் ஏற்றினால் கார்பன் டை ஆக்சைடு தேங்கலாம் என்று மாணவர்களுக்குப் பாடம் எடுப்பவன் நான். அப்பா என்று வந்ததும் 99ஐப் பார்த்து நிம்மதியாகிவிட்டேன். ஆக்சிஜனைக் குறைத்து, மாஸ்க் வழியாக மூச்சுக்குக் கைகொடுக்கிற பைபாப் மெஷினை மாட்டினார்கள். சாயங்காலம் கண் திறந்து, "கை ஏன்டா வலிக்குது?" என்று கேட்டார்.

அந்தப் பையன் என் பேச்சைக் கேட்டிருந்தால்?

அந்த வீடியோவை இன்னொரு தடவை பாருங்கள். கத்துகிறவரை விட்டுவிடுங்கள், அந்தப் பொண்ணு கையைப் பாருங்கள். ஊசி எடுத்த இடத்தில் ரத்தம் கட்டாமலிருக்க ஐந்து நிமிஷம் அழுத்திப் பிடிக்க வேண்டும். முகத்துக்கு நேரே விரல் நீட்டித் திட்டுகிறார்கள், கண் கலங்கி நிற்கிறாள். பஞ்சை அழுத்தின விரலை மட்டும் கடைசிவரை எடுக்கவே இல்லை.