சிப்புக்குக் கொடுத்த காசை எங்கே பிடிக்கிறார்கள்?
போன் சிப் கம்பெனிகளான மீடியாடெக்கும் குவால்காமும் விலையில் மோதிக்கொள்வதால் பதினைந்தாயிரத்துக்கே 'உயர்ரக' போன் கிடைக்கிறது என்று இந்தக் கமெண்டுக்கு மேலே உள்ள கட்டுரை சொல்வது பாதிதான் உண்மை. போட்டியால் நமக்கு லாபம், மறுக்கவில்லை. 2018-இல் குவால்காமின் உயர்ரக சிப்பான ஸ்னாப்டிராகன் 845 போட்ட போக்கோ எஃப்1 போன் ரூ.20,999-க்கு வந்தபோது காட்பாடியில் நாங்கள் நண்பர்கள் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம். ஆனால் சிப்புக்குக் கொடுத்த காசை கம்பெனி வேறெங்காவது பிடிக்கத்தானே செய்யும்? பெரும்பாலும் ஸ்டோரேஜில். 128 ஜிபி என்று கொட்டை எழுத்தில் போடுவார்கள், அது மெதுவான இஎம்எம்சி வகையா, வேகமான யூஎஃப்எஸ் வகையா என்று நாம்தான் தேடிப் பார்க்கணும். என்னுடையது இஎம்எம்சி. ஒரே வருஷத்தில், கேலரி திறப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது. மேலே கமெண்டில் ஒருவர் பெஞ்ச்மார்க் (வேகச் சோதனை) மார்க்கைப் பார்த்து வாங்கச் சொல்கிறார். ஏசி ரூமில் எடுத்த மார்க்கா, வெயிலில் எடுத்ததா சார்? என் மச்சான் சத்துவாச்சாரியில் ஆட்டோ ஓட்டுகிறார். அக்னி நட்சத்திரத்தில் எங்கள் வேலூர் 40 டிகிரியைத் தாண்டும். மேப் ஓடும்போதே திரை மங்கி, சூடு தாங்காமல் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்போது சிப்புக்குள் எட்டு கோர் (வேலையைப் பகிர்ந்து செய்யும் பகுதிகள்) இருந்து என்ன பிரயோஜனம்? மே மாசம் முழுக்க அவர் வழியை சவாரி ஏறினவர்களிடமே கேட்டுத்தான் ஓட்டினார்.