டிராகன் பால் இசட் புளூரே: கருப்புப் பட்டை இருந்தால்தான் முழுப்படம்
'திரை முழுக்க வருவதால் பழைய டிவிடியைவிடப் படம் அதிகம் தெரியும்' என்று புளூரே டிஸ்க் பற்றிய ஒரு கட்டுரையில் படித்தேன். ஜப்பானிய அனிமேஷன் தொடரான டிராகன் பால் இசட் விஷயத்தில் அது தலைகீழ். 1989 முதல் 1996 வரை ஒளிபரப்பான 291 எபிசோடும் பழைய டிவியின் 4:3 அளவுக்கு (அகலம் 4 பங்கு, உயரம் 3 பங்கு) வரையப்பட்டவை. இன்றைய அகலத்திரை டிவியின் 16:9 ஆக்க மேலும் கீழும் வெட்டினால் உயரத்தில் கால் பங்கு போச்சு. பக்கவாட்டில் கூடுதலாகக் காட்டும் துளி அதை ஈடுகட்டாது. நெருக்கக் காட்சிகளில் நாயகன் கோக்குவின் முடி நெற்றிக்கு மேலேயே அறுந்து நிற்கும். இதைச் சரிசெய்ய டிவி செட்டிங்கை 4:3-க்கு மாற்றச் சொல்கிறார் ஒரு நண்பர். வெட்டிய பகுதி டிஸ்க்கிலேயே இல்லையே, ஆட்கள் ஒல்லியாவார்கள், அவ்வளவுதான். அமெரிக்காவில் தொடரை வெளியிட்ட ஃபியூனிமேஷன் நிறுவனத்தின் 2007 டிவிடிகளும் 2013-ல் தொடங்கிய புளூரே சீசன்களும் இப்படி வெட்டிய ரகம். 2011-ல் தொடங்கிய 'லெவல்' புளூரே வெட்டாமல் வந்தது, இரண்டு பெட்டியோடு நிறுத்திவிட்டார்கள், அநியாயம். 2019-ன் 30-ம் ஆண்டுத் தொகுப்பு 4:3தான், ஆனால் 16 மி.மீ. ஃபிலிமில் இயல்பாகத் தெரியும் துகள் போன்ற புள்ளிகளைத் துடைக்கப் போய் மெல்லிய மைக்கோடுகளையும் சேர்த்தே மழுக்கியிருக்கிறார்கள். வாங்குமுன் ஸ்கிரீன்ஷாட்டை அளந்து பாருங்கள்: முழு எச்டியில் 4:3 படம் 1440 பிக்சல் அகலம், இருபுறமும் தலா 240 பிக்சல் கருப்பாக இருக்க வேண்டும்.